தளபதி இராபர்ட் லீ: வாழ்வும் விடுமுறையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் அலபாமா, மிசிசிப்பி என இரு மாநிலங்கள் உள்ளன. ஆண்டுதோறும் சனவரி மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமையன்று அங்கு அரசு அலுவலகங்கள் மூடப்படும். விடுமுறைக்குரியவர் யார் என்று அரசின் நாட்காட்டியைப் பார்த்தால், ஒரே கட்டத்திற்குள் இரண்டு பெயர்களைக் காணலாம். ஒருவர் மார்ட்டின் லூதர் கிங். கறுப்பின மக்களின் உரிமைக்காக அறவழியில் போராடி 1968-இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். மற்றவர் இராபர்ட் எட்வர்ட் லீ. அம்மக்களை அடிமைகளாகவே வைத்திருக்க வேண்டிப் பிரிந்துபோன மாநிலங்களின் பெரும்படையை நடத்தியவர். அடிமைப்பட்டவர்களின் வழித்தோன்றலும், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதியும் ஒரே நாளில், ஒரே அரசாணையின் கீழ்ச் சிறப்பிக்கப்படுகின்றனர். உலக வரலாற்றில் இத்தகைய இரட்டை விழா வேறெங்கும் உண்டா என்பது ஐயமே.

ஒரு மனிதர் வாழ்ந்த வாழ்க்கை வேறு. அவர் பெயரால் பிறர் வகுத்த நாள் வேறு. லீ 1870-இல் மறைந்தார். அவர் பிறந்த மாநிலத்தில் அவருடைய பிறந்தநாள் விடுமுறையானது 1889-இல்தான். இடையில் பத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. வாழ்க்கையையும் விழாவையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் லீயைப் போற்றுவோரும் தூற்றுவோரும் ஒருவர் சொல் மற்றவர் செவியில் ஏறாமலே பேசி வருகின்றனர். ஆதலின் முதலில் வாழ்க்கையைக் காண்போம்.

கடனில் மூழ்கிய மாளிகை

லீ 1807 சனவரி 19-ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்ட்ராட்ஃபோர்டு மாளிகையில் பிறந்தார். தந்தை ஹென்றி லீ அமெரிக்க விடுதலைப் போரில் ஜார்ஜ் வாஷிங்டனின் கீழ்க் குதிரைப்படையை நடத்திப் பெயர் பெற்றவர். பின்னர் வர்ஜீனியாவின் ஆளுநராகவும் இருந்தவர். ஆனால் நில வணிகத்தில் பேராசை கொண்டு கடனாளியானார். கடனுக்காகச் சிறையும் புகுந்தார். 1813-இல் குடும்பத்தை விட்டு மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றார். மகனை மீண்டும் காணாமலே 1818-இல் இறந்தார். தந்தை பிரிந்தபோது லீக்கு வயது ஆறு. நோயுற்ற தாயைக் கவனித்துக்கொண்டும் வரவறிந்து செலவு செய்தும் வளர்ந்த சிறுவனிடம் அடக்கமும் கடமையுணர்ச்சியும் மிகுந்ததில் வியப்பில்லை. தந்தை இழந்த மதிப்பை மீட்கும் ஆவல் அவர் வாழ்நாள் முழுவதும் உடன் வந்தது எனலாம்.

கல்லூரிக்குச் செல்லப் பொருள் இல்லை. எனவே, செலவை நாடே ஏற்றுக்கொள்ளும் வெஸ்ட் பாயிண்ட் படைக் கல்லூரியில் 1825-இல் சேர்ந்தார். நான்கு ஆண்டுகளில் ஒரு முறையேனும் ஒழுங்குக் குற்றப்புள்ளி பெறாமல், வகுப்பில் இரண்டாமவராக 1829-இல் தேறினார். பொறியியல் படைப்பிரிவில் அவருக்குப் பணி கிடைத்தது. மிசிசிப்பி ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டதால் செயிண்ட் லூயிஸ் நகரின் துறைமுகத்தில் மணல் மேடிட்டு, படகு வணிகம் அழியும் நிலையில் இருந்தது. லீ அணைகரைகளை எழுப்பி நீரோட்டத்தை நகரின் பக்கம் திருப்பினார். ஆறே மணலை அரித்துச் சென்றது. போர்க்களப் புகழுக்கு முன்னரே அவர் நாட்டுக்குச் செய்த நற்பணி இது. அவருக்கு விழா எடுப்போர் இதனை நினைவுகூர்ந்ததாகத் தெரியவில்லை.

1846-இல் மூண்ட மெக்சிகோப் போரில் தலைமைத் தளபதி வின்ஃபீல்டு ஸ்காட்டின் கீழ்ப் பணியாற்றினார். எவரும் கடக்க இயலாதென்று கருதப்பட்ட பாறை நிலங்களில் வழி கண்டு படையை நடத்திச் சென்றமையால், ஸ்காட்டின் பெருமதிப்புக்கு உரியவரானார். 1852 முதல் 1855 வரை தாம் பயின்ற வெஸ்ட் பாயிண்ட் கல்லூரிக்கே தலைவராக விளங்கினார்.

ஆர்லிங்டன் அடிமைகள்

1831-இல் லீ மணந்த மேரி கஸ்டிஸ், வாஷிங்டன் தம் வீட்டில் வளர்த்த பேரனின் மகள். தலைநகருக்கு எதிரே, பொட்டோமக் ஆற்றின் அக்கரையில் இருந்த ஆர்லிங்டன் மாளிகை அக்குடும்பத்தின் சொத்து. 1857-இல் மாமனார் இறந்தார். அவர் விட்டுச் சென்ற விருப்ப ஆவணம் ஏறத்தாழ இருநூறு அடிமைகளை ஐந்து ஆண்டுகளுக்குள் விடுவிக்குமாறு கூறிற்று. ஆவணத்தை நிறைவேற்றும் பொறுப்பு லீயிடம் வந்தது.

ஆவணத்தில் கடன்களைத் தீர்க்கும்படியும் பேத்திகளுக்குப் பணம் வழங்கும்படியும் குறிக்கப்பட்டிருந்தது. அதற்கான பொருளை அடிமைகளின் உழைப்பிலிருந்தே ஈட்ட லீ முடிவு செய்தார், சிலரை வேற்றிடங்களுக்கு வாடகைக்கு அனுப்பினார், குடும்பங்கள் பிரிந்தன. மாமனார் இறந்தவுடன் தங்களுக்கு விடுதலை என்று நம்பியிருந்த மக்கள் இதனை வஞ்சனையாகவே கண்டனர். 1859-இல் வெஸ்லி நாரிஸ் என்னும் இளைஞரும் அவர் தங்கையும் உறவினர் ஒருவரும் தப்பி ஓடினர். மேரிலாந்து மாநிலத்தில் பிடிபட்டு ஆர்லிங்டனுக்குத் திருப்பிக் கொண்டுவரப்பட்டனர். ஆடவர்க்கு ஐம்பது கசையடியும் பெண்ணுக்கு இருபதும் வழங்க லீ ஆணையிட்டார் என்றும், அடித்த பின் முதுகில் உப்பு நீர் ஊற்றச் செய்தார் என்றும் நாரிஸ் 1866-இல் தம் வாக்குமூலத்தை இதழில் வெளியிட்டார். லீ இதனைப் பொது மேடையில் மறுத்ததில்லை; தனிக் கடிதங்களில் தம்மைப் பற்றிய குற்றச்சாட்டு பொய்யென எழுதினார். அக்காலத்துக் கணக்கேடுகளையும் கடிதங்களையும் ஒப்பிட்டு ஆய்ந்த வரலாற்றாசிரியர் பலர் நாரிசின் கூற்றையே ஏற்கின்றனர்.

அடிமை முறையைப் பற்றி லீ கொண்ட கருத்து 1856-இல் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் விளங்குகிறது. அது ஒழுக்கத்திற்கும் அரசியலுக்கும் தீங்கானது என்று அவர் ஒப்புகிறார். உடனே, கறுப்பின மக்களைவிட வெள்ளையர்க்கே அதனால் கேடு மிகுதி என்றும், ஆப்பிரிக்காவில் இருப்பதைவிட அம்மக்கள் இங்கு நலமாகவே உள்ளனர் என்றும், விடுதலையின் காலத்தை இறைவனே அறிவான் என்றும் எழுதிச் செல்கிறார். கடிதத்தின் முதற்பாதியை மட்டும் எடுத்துக்காட்டி அவரை அடிமை முறையின் எதிரியாகக் காட்டுவது நீண்ட காலமாக நடந்துவரும் வழக்கம். மாணவர்கள் எந்த ஆவணத்தையும் இறுதிவரை படித்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

1862 டிசம்பர் இறுதியில், ஐந்தாண்டுக் கெடு கடந்த நிலையில், லீ அந்த அடிமைகளை விடுவிக்கும் பத்திரத்தில் கையொப்பமிட்டார். சில நாள்களில், 1863 சனவரி 1-ஆம் நாள், லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வெளிவந்தது.

எந்தச் செஞ்சோறு?

1860 தேர்தலில் ஆபிரகாம் லிங்கன் வென்றதும் தென்மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. பிரிவினை அறிவற்ற செயல் என்றே லீ கருதினார். 1861 மார்ச்சில் அவரைக் கர்னலாக உயர்த்திய ஆணையில் கையொப்பமிட்டவர் லிங்கனே. ஏப்ரல் 17-இல் வர்ஜீனியா மாநாடு பிரிவினைக்கு வாக்களித்தது. மறுநாள் ஐக்கிய நாட்டின் பெரும்படைக்குத் தலைமை ஏற்குமாறு லிங்கனின் தூதர் வழியே லீக்கு அழைப்பு வந்தது. அவர் மறுத்தார். ஏப்ரல் 20-இல் பதவி விலகினார். தம் மாநிலத்திற்கும் உறவினருக்கும் எதிராக வாளெடுக்கத் தம்மால் இயலாது என்பதே அவர் கூறிய காரணம்.

இந்த முடிவைப் பற்றிப் பேசும்போது நம்மவர்க்குக் கர்ணன் நினைவுக்கு வருவது இயல்பு. தோற்கும் பக்கம் என்று அறிந்தும் செஞ்சோற்றுக்கடன் கழித்த பெருவீரன் என்னும் படிமம் லீக்கும் பொருந்துவது போலத் தோன்றும். சற்று நின்று நோக்கினால் படிமம் பிறழ்ந்துவிடும். லீ உண்ட சோறு யாருடையது? அவரைச் செலவின்றிப் படிக்க வைத்ததும், முப்பத்திரண்டு ஆண்டுகள் ஊதியம் வழங்கியதும், படைக்கலம் தந்து பதவியில் உயர்த்தியதும் ஐக்கிய நாடு. அவர் உறுதிமொழி எடுத்துக்கொண்டதும் அதற்கே. செஞ்சோற்றுக்கடன் என்னும் அளவுகோலைக் கையில் எடுத்தால் அவர் நின்றிருக்க வேண்டிய பக்கம் வேறு.

பிறந்த மண்ணின் கட்டளையை மீறுதல் எவர்க்கும் அரிது என்பாரும் உளர். அவர்க்கு விடை வர்ஜீனியாவிலேயே உண்டு. தலைமைத் தளபதி ஸ்காட் வர்ஜீனியாவில் பிறந்தவர். அவர் ஐக்கிய நாட்டை விட்டு நீங்கவில்லை. லீயுடன் ஒரே குதிரைப்படைப் பிரிவில் பணியாற்றிய ஜார்ஜ் தாமஸும் வர்ஜீனியர், அவரும் நீங்கவில்லை. தாமஸின் உடன்பிறந்தார் அவரோடு உறவை முறித்துக்கொண்டனர். அவர் போரில் பெரும் வெற்றிகளை ஈட்டினார். தாமஸின் பெயரால் வர்ஜீனியா விடுமுறை விட்டதில்லை.

போர்

போர் நிகழ்ச்சிகளை விரிப்பின் பெருகும். 1862 சூன் முதல் நாள் வடவர்ஜீனியாப் படையின் தலைமை லீயிடம் வந்தது. தம்மினும் பெரிய படைகளைத் துணிவாலும் விரைவாலும் அடுத்தடுத்து முறியடித்தார். 1863 மே மாதம் சான்சலர்ஸ்வில் களத்தில் இருமடங்குக்கும் மேற்பட்ட பகைவரை எதிர்த்துத் தம் படையைப் பிரித்து நடத்திப் பெற்ற வெற்றியை இன்றும் படைக் கல்லூரிகளில் பாடமாக வைக்கின்றனர். அக்களத்தில் அவருடைய வலக்கை போன்ற ஸ்டோன்வால் ஜாக்சன், தம் படையினரே தவறுதலாகச் சுட்டமையால் காயமுற்று இறந்தார். வடபுலத்தின் மீது லீ இருமுறை படையெடுத்தார். முதல் முறை ஆண்டீட்டம் ஓடைக்கரையில், 1862 செப்டம்பர் 17 அன்று, ஒரே நாளில் இருதரப்பிலும் ஏறத்தாழ 23,000 பேர் இறந்தும் காயமுற்றும் காணாமற்போயும் வீழ்ந்தனர். இரண்டாம் முறை 1863 சூலை 1 முதல் 3 வரை கெட்டிஸ்பர்க்கில் ஏறத்தாழ 50,000 பேர். மூன்றாம் நாள் திறந்த வெளியில் பன்னிரண்டாயிரம் வீரரை நேர்த் தாக்குதலுக்கு அனுப்பினார், பாதிப்பேர் மீளவில்லை. தவறு தம்முடையதே என்று திரும்பி வந்த வீரரிடம் ஒப்புக்கொண்டு, பின்னர்ப் பதவி விலகவும் முன்வந்தார். பழியைக் கீழுள்ளோர் மீது சுமத்தாத அப்பண்பு பாராட்டுக்குரியதே.

வீர வரலாறுகள் சொல்லாமல் விடுவதும் ஒன்று உண்டு. கெட்டிஸ்பர்க் படையெடுப்பின்போது பென்சில்வேனியா மாநிலத்தில் லீயின் படையினர் கறுப்பின மக்களைப் பிடித்து, தெற்கே அடிமைச் சந்தைக்கு அனுப்பினர். அவர்களுள் பிறவியிலேயே சுதந்திரம் உடையோரும் இருந்தனர். 1864 சூலையில் பீட்டர்ஸ்பர்க் முற்றுகையில் நடந்த ஒரு மோதலில், படைக்கலம் கீழே வைத்த கறுப்பின வீரர் பலர் லீயின் படையினரால் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் கைதிகளைப் பரிமாறிக்கொள்ள லீ விரும்பினார். கறுப்பின வீரரையும் மற்றவரைப் போலவே விடுவிப்பீரோ என்று எதிர்த் தளபதி கிராண்ட் வினவினார். தென்மாநிலத்தாரின் அடிமைகளாக இருந்தவர்களைப் பரிமாற்றத்தில் சேர்க்க இயலாது என்று லீ விடையளித்தார். பரிமாற்றம் நடக்கவில்லை. பட்டினியில் வாடிய தம் வெள்ளை வீரரை மீட்பதைவிட, கறுப்பர் உடைமையே என்னும் கொள்கை அவர் தரப்புக்குப் பெரிதாக இருந்தது.

1865 ஏப்ரல் 9-ஆம் நாள் அப்போமாட்டாக்ஸ் என்னும் சிற்றூரில் லீ கிராண்டிடம் சரணடைந்தார். படையைக் கலைத்துக் காடுகளில் மறைந்து போரைத் தொடரலாம் என்று அன்று காலை இளம் அதிகாரி ஒருவர் கூறியதை அவர் ஏற்கவில்லை. அவ்வாறு செய்தால் வீரர்கள் கொள்ளையராவர், நாடு பல்லாண்டு அழியும் என்பது அவர் கருத்து. வென்றவரும் பெருந்தன்மை காட்டினார். குதிரை வைத்திருந்தோர் உழவுக்காக அவற்றைக் கொண்டு செல்லக் கிராண்ட் இசைந்தார். பசித்த படைக்கு உணவும் அனுப்பினார். தோற்றவனை அவமதியாமை, வென்றவனை வஞ்சியாமை என்னும் இரண்டும் அன்று அச்சிற்றூரில் ஒருங்கே நிகழ்ந்தன.

கல்லூரித் தலைவர்

கல்லூரி மலரில் எழுதும்போது லீயின் இறுதி ஐந்தாண்டுகளைச் சற்று விரித்துச் சொல்லத் தோன்றுகிறது. போர் முடிந்தபோது அவருக்கு வீடில்லை. ஆர்லிங்டன் மாளிகையை ஐக்கிய அரசு கைப்பற்றி, 1864 முதல் அந்நிலத்தில் போரில் இறந்தோரைப் புதைத்து வந்தது. இன்று உலகறிந்த ஆர்லிங்டன் தேசியக் கல்லறை அதுவே. தம் பெயரை மட்டும் தந்தால் பெரும்பணம் தருவதாக வந்த வணிகர்களை மறுத்துவிட்டு, லெக்சிங்டன் என்னும் சிறுநகரில் நலிந்து கிடந்த வாஷிங்டன் கல்லூரியின் தலைமையை ஆண்டுக்கு 1,500 டாலர் ஊதியத்தில் ஏற்றார். 1865 அக்டோபர் 2-இல் பதவியேற்றார். அன்றே ஐக்கிய நாட்டுக்கு விசுவாச உறுதிமொழி எழுதிக் கையொப்பமிட்டுத் தலைநகருக்கு அனுப்பினார்.

மாணவர் தொகை ஐம்பதளவிலிருந்து நானூறளவாக உயர்ந்தது. பழம்பாடங்களோடு அறிவியல், பொறியியல், வணிகம் முதலியவற்றுக்கும் இடமளித்தார்; இதழியல் பயில்வோர்க்கு உதவித்தொகை ஏற்படுத்தினார். ஒழுங்கு விதிகளின் நீண்ட பட்டியலை அகற்றி, கண்ணியமாக நடந்துகொள்வதொன்றையே விதியாக்கினார். மாணவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் நினைவாற்றல் அவர்க்கு இருந்தது. எனினும் அம்மாணவருள் சிலர் ஊரிலிருந்த கறுப்பின மக்களைத் தாக்கிய நிகழ்ச்சிகளும் அக்காலத்தில் நடந்தன. சிலரை அவர் கல்லூரியை விட்டு நீக்கினார். ஆயினும் தம் ஆற்றல் முழுவதையும் இதில் செலுத்தினாரில்லை என்று வரலாற்றாசிரியர் குறை கூறுவர்.

1866 பிப்ரவரியில் நாடாளுமன்றக் குழு அவரை அழைத்து வினவியது. கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை இப்போது வழங்கலாகாது என்றும், வர்ஜீனியா அவர்களைத் தன்னிடமிருந்து நீக்கிக்கொள்வதே நலம் என்றும் அவர் சாட்சியம் கூறினார். போர் முடிந்து பத்து மாதங்கள் ஆகியிருந்தன.

இதே மனிதர்தாம் 1869-இல் வந்த மற்றோர் அழைப்புக்கு வேறு வகையாக விடை எழுதினார். கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் படைகள் நின்ற இடங்களைக் குறித்து நிலையான நினைவுக் கற்கள் நாட்டவிருப்பதாகவும், வந்து உதவுமாறும் அவரை அழைத்திருந்தனர். அவர் போகவில்லை. போரின் புண்களைத் திறந்து வைத்திருத்தல் தகாது. உள்நாட்டுச் சண்டையின் சுவடுகளை அழித்து, அது மூட்டிய பகையுணர்ச்சியை மறக்க முயன்ற நாடுகளின் வழியே நல்வழி என்னும் கருத்தை எழுதி அனுப்பினார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், தென்படைக்கு நினைவுச் சின்னம் எழுப்ப விரும்பிய நண்பர்க்கும் அவர் ஊக்கம் அளிக்கவில்லை. 1870 அக்டோபர் 12-ஆம் நாள், அறுபத்து மூன்றாம் வயதில், கல்லூரி வளாகத்து வீட்டிலேயே உயிர் நீத்தார்.

விடுமுறை பிறந்த கதை

அவர் மறைந்தவுடன் நாடெங்கும் புகழுரைகள் பெருகின. அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்து பேரறிஞரான பிரெடெரிக் டக்ளஸ், அப்புகழுரைகள் தமக்கு அருவருப்பூட்டுவதாக அன்றே வெளிப்படையாக எழுதினார். 1872-இல் லீயின் பிறந்தநாளன்று, அவர் பணியாற்றிய கல்லூரியிலேயே, அவர் கீழ்ப் போரிட்ட ஜூபல் எர்லி நீண்டதோர் உரையாற்றினார். லீ குற்றமற்ற மாவீரர். எண்ணிக்கையால் மட்டுமே தோற்கடிக்கப்பட்டவர் என்பது அதன் சாரம். இவ்வாறு உருவான கருத்தோட்டத்தை ‘இழந்த இலட்சியம்’ என்பர். அதன்படி போர் மாநில உரிமைக்காக நடந்தது. அடிமை முறைக்கு அதில் பங்கில்லை. ஆனால் கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சிலேயே, வெள்ளையர்க்குக் கறுப்பர் சமமல்லர் என்பதே தங்கள் புதிய அரசின் அடிக்கல் என்று மேடையில் முழங்கியிருந்தார். தோற்ற பின் காரணத்தை மாற்றிக்கொண்டனர்.

1889-இல் வர்ஜீனியா, சனவரி 19-ஐ விடுமுறையாக்கியது. மறு ஆண்டு மே 29-இல் தலைநகர் ரிச்மண்டில் ஏறத்தாழ அறுபது அடி உயரமுள்ள லீயின் குதிரைச் சிலை திறக்கப்பட்டது. அந்நகரில் கறுப்பின மக்களின் இதழை நடத்திய ஜான் மிட்செல், நகரவை உறுப்பினராகவும் இருந்தார். சிலைக்குப் பொதுப்பணம் செலவிடுவதை எதிர்த்தார். கறுப்பின உழைப்பாளியின் கையே இதனை நிறுவியது, காலம் வரும்போது இறக்கவும் அக்கையே வரும் என்னும் பொருள்பட எழுதினார். 1902-இல் வர்ஜீனியாவின் புதிய அரசமைப்பு, தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு ஆகிய தடைகளால் கறுப்பின வாக்காளருள் பெரும்பாலோரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1904-இல், சனவரி 21-இல் பிறந்த ஜாக்சனின் பெயரும் விடுமுறையில் சேர்ந்தது. விடுமுறையும் சிலையும் வாக்குப்பறிப்பும் ஒரே தலைமுறையின் கைவேலைகள். வாக்குரிமை இழந்தவனும் தன் வரிப்பணத்தால் அவ்விழாவில் பங்கேற்கும்படி ஆயிற்று.

தென்மாநிலத்தார் தம் மூதாதையரை நினைப்பதில் தவறென்ன என்று கேட்போர் உளர். கேள்வி நேர்மையானது; அதனைத் தட்டிக்கழித்தல் கூடாது. வறிய உழவர் மக்கள் இலட்சக்கணக்கில் அப்போரில் மாண்டனர். அவர்தம் குடும்பத்தார் துயரம் பொய்யன்று. நடுகல் நட்டு வணங்கிய மரபை இலக்கணத்திலேயே பதிந்து வைத்துள்ள மொழியைப் பயிலும் நமக்கு அது விளங்காததன்று. எனினும் நடுகல்லை நாட்டுவோர் இறந்தவனின் உற்றார். ஆநிரையைப் பறிகொடுத்தவனும் வந்து வணங்குக என்று எவரும் ஆணையிட்டதில்லை. அரசு விடுமுறை அத்தகையதன்று. அலுவலகம் மூடப்படும்போது, அடிமையாயிருந்தவனின் கொள்ளுப்பேரனும் அந்நாளைக் கொண்டாடியவனாகவே கணக்கில் எழுதப்படுகிறான். லீயை எவ்வளவு நுட்பமாக எடைபோட்டாலும், இச்சிக்கல் அந்த எடையால் தீர்வதில்லை.

1983-இல் ஐக்கிய அரசு மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்கியது. கிங் பிறந்தது சனவரி 15. லீ பிறந்தது சனவரி 19. நாள்கள் நெருங்கி நின்றமையால் தென்மாநிலங்கள் சில இருவரையும் இணைத்தன. வர்ஜீனியாவில் 1984 முதல் அந்நாளுக்கு லீ-ஜாக்சன்-கிங் நாள் என்று பெயர். பதினாறு ஆண்டுகள் நீடித்த அவ்வேடிக்கை 2000-இல் முடிந்தது. லீ, ஜாக்சன் இருவருக்கும் முந்திய வெள்ளிக்கிழமை ஒதுக்கப்பட்டது. அர்கன்சாஸ் 2017-இல் கிங்கைத் தனியே பிரித்தது. ஜார்ஜியா இன்னும் சாதுரியமாக நடந்தது. 2015-இல் நாட்காட்டியிலிருந்து லீயின் பெயரை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் மாநில விடுமுறை என்று மட்டும் அச்சிட்டது. பெயர் போயிற்று, விடுப்பு நின்றது. அரசு ஊழியர் எவரும் முறையிட்டதாகத் தெரியவில்லை! அலபாமாவும் மிசிசிப்பியும் 2025-ஆம் ஆண்டிலும் இரட்டைப் பெயரையே கொண்டிருந்தன.

லீ 1865-இல் எழுதிய உறுதிமொழி என்னவாயிற்று என்பது தனிக்கதை. அது அரசின் பழந்தாள்களுள் மறைந்து, 1970-இல் தேசிய ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது. 1975-இல் நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றி அவருக்குக் குடியுரிமையை மீள அளித்தது. அதுவரை எண்பத்தாறு ஆண்டுகளாக, குடிமகனல்லாத ஒருவருக்காக வர்ஜீனியா அரசு அலுவலகங்களை மூடி வந்தது.

2017 ஆகஸ்டில் வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் நகரில் லீயின் சிலையை அகற்றும் முடிவை எதிர்த்து வெள்ளையின வெறியர் திரண்டபோது, எதிர் அணியில் நின்ற பெண்ணொருவர் காரேற்றிக் கொல்லப்பட்டார். லீ அஞ்சிய திறந்த புண்ணிலிருந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் குருதி வடிந்தது. ரிச்மண்டின் பெருஞ்சிலை 2021 செப்டம்பர் 8-ஆம் நாள் இறக்கப்பட்டது. அப்பணியைச் செய்து முடித்த ஒப்பந்தக்காரர் கறுப்பினத்தவர். மிட்செல் எழுதியது நூற்று முப்பத்தோராம் ஆண்டில் நிறைவேறிற்று.

விடுமுறை அதற்கு முந்திய ஆண்டே போய்விட்டது. 2020 ஏப்ரலில் வர்ஜீனியாவின் ஆளுநர் லீ-ஜாக்சன் நாளை நீக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதற்கு ஈடாக அச்சட்டம் வேறொரு நாளை விடுமுறையாக்கியது. அது நவம்பரில் வரும் தேர்தல் நாள்; எல்லோரும் சென்று வாக்களிப்பதற்காக.